கல்லூரித் தமிழ்த்துறை இணையதளம்: ஈர்ப்பும் பயன்பாட்டு எளிமையும்

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரித் துறை ஒன்றின் இணையதளம் கண்ணைக் கவர்வதால் மட்டும் பயனுடையதாகிவிடுவதில்லை. வருபவர் தேடியதை விரைந்து கண்டடைவதும், கண்டதைத் தடையின்றிப் படிக்க இயல்வதுமே அதன் தரத்தை உறுதிசெய்கின்றன. பயனர் தேவை, எழுத்துக் குறியீடு, பக்க வடிவமைப்பு, ஆய்வுசார் உள்ளடக்கம், பராமரிப்பு ஆகிய ஐந்து நிலைகளில் தமிழ்த்துறை இணையதளம் பெற்றிருக்க வேண்டிய கூறுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துறை இணையதளம், பயன்பாட்டு எளிமை, ஒருங்குறி, அணுகல்தன்மை, ஆய்வேட்டுப் பட்டியல்

முன்னுரை

கல்லூரிகளின் தர மதிப்பீட்டில் இணையதளத்திற்கும் இடமுண்டு. பாடத்திட்டம், கற்றல் விளைவுகள், ஆண்டறிக்கை முதலியவற்றை அதில் வெளியிட வேண்டியுள்ளதால் துறைகளுக்கும் தனிப்பக்கங்கள் அமைந்துள்ளன. எனினும் மதிப்பீட்டுக் குழுவை மட்டும் மனத்திற்கொண்டு உருவாகும் பக்கம், நாள்தோறும் அதனை நாடும் மாணவருக்கும் ஆய்வாளருக்கும் உதவுவது அரிது. பன்னாட்டுத் தர அமைப்பு 1998-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய வரையறை, பயன்பாட்டு எளிமையை மூன்று அளவைகளால் விளக்குகிறது: நோக்கம் நிறைவேறுதல், அதற்குச் செலவாகும் முயற்சி, பயனர் பெறும் மனநிறைவு. இவற்றுள் ஈர்ப்பு மூன்றாவதோடு தொடர்புடையது. முதலிரண்டும் அமையாதவிடத்து அது நிலைப்பதில்லை.

பயனரும் தேவையும்

துறையின் இணையதளத்திற்கு வருவோர் ஒரு தன்மையர் அல்லர். சேர்க்கை நாடுவோருக்குத் தகுதியும் கட்டணமும் தேவை. பயிலும் மாணவருக்குப் பாடத்திட்டமும் தேர்வு அறிவிப்பும் தேவை. ஆய்வாளருக்கு நெறியாளரின் ஆய்வுப்புலமும், பிற கல்லூரி ஆசிரியருக்குக் கருத்தரங்க அறிவிப்பும் தேவை. முகப்புப் பக்கத்தை நகரும் நிழற்படங்களும் வாழ்த்துரைகளும் நிறைத்துக்கொண்டால் இவர்கள் அனைவரும் காத்திருக்க நேர்கிறது. எனவே ‘சேர்க்கை’, ‘பாடத்திட்டம்’, ‘ஆசிரியர்கள்’, ‘ஆய்வு’, ‘அறிவிப்புகள்’ என வருபவரின் தேவையைப் பெயராகக் கொண்ட இணைப்புகள் முகப்பிலேயே அமைதல் வேண்டும். ஒவ்வோர் அறிவிப்பிலும் வெளியிட்ட நாள் இடம்பெற வேண்டும். நாள் குறிக்கப்படாத அறிவிப்பு, நடப்பாண்டுக்கு உரியதா எனும் ஐயத்தையே தரும்.

எழுத்துக் குறியீடு

தமிழ்த்துறைத் தளங்களுக்கு அடிப்படையானது எழுத்துச் சிக்கல். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் உருவாக்கிய உரை, அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். 1991 முதல் ஒருங்குறியில் தமிழுக்கு இடமுண்டு. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதனை ஏற்றுள்ளது. ஆதலால் தளத்தின் உரை முழுவதும் ஒருங்குறியில் இருத்தலே முறை. சுற்றறிக்கையை நிழற்படமாகப் பதிவேற்றுவதும் இதே குறையை உண்டாக்கும். மனிதக் கண் படிக்கும் அதனைத் தேடுபொறியும் திரைபடிப்பானும் உரையாகப் பெறுவதில்லை.

ஒருங்குறியைப் பயன்படுத்தினாலும் தட்டச்சில் கவனம் தேவை. ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்து தனிக் குறியீடு உடையது. அதனை ‘ஒ’, ‘ள’ என ஈரெழுத்தாகத் தட்டச்சிட்டால் பார்வைக்கு வேறுபாடு எளிதில் புலப்படாது. ஆனால் சரியான வடிவில் தேடுபவருக்கு அச்சொல் அகப்படாமல் போகலாம். ‘பௌத்தம்’ என்பதில் ஔகாரக் குறியின் பின்பகுதியை ளகரமாக இடுவதும் இத்தகையதே. நூற்பட்டியலில் நேரும் இப்பிழை, நூலையே இல்லாததாக்கிவிடும்.

பக்க வடிவமைப்பும் அணுகல்தன்மையும்

தமிழ்ச் சொற்கள் ஒட்டுகளைப் பெற்று நீளும் இயல்பின. ஆங்கிலத்திற்கென வரையப்பட்ட குறுகிய பட்டிகளில் அவை உடைந்து தோன்றும். ஆகவே தலைப்புகள் ஓரிரு சொற்களில் அமைவதும், வரிகளுக்கிடையே போதிய இடைவெளி விடுவதும் நலம். கைப்பேசியில் பக்கவாட்டில் நகர்த்தாமலே படிக்குமாறு பக்கம் அமைய வேண்டும்.

இணைய உள்ளடக்க அணுகல்தன்மை நெறிகள் 2008-இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில், இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாட்டை இடைநிலைத் தகுதிக்கு வலியுறுத்துகின்றன. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து இதனை நிறைவுசெய்யாது. படங்களுக்கு மாற்றுரை தருவதும், பக்கத்தின் மொழி தமிழ் எனக் குறிமொழியில் அறிவிப்பதும் திரைபடிப்பான் தமிழை உரிய ஒலிப்புடன் படிக்க உதவும். பார்வைக் குறைபாடுடைய மாணவர் பிறர் துணையின்றித் தேர்வு நாளை அறிவது இவற்றையே சார்ந்துள்ளது.

ஆய்வுசார் உள்ளடக்கம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 முனைவர் பட்ட ஆய்வாளர்க்கும், இணைப்பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப்பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராகலாம். ஒவ்வொரு நெறியாளரின் ஆய்வுப்புலத்தையும் எஞ்சிய இடங்களையும் துறைப்பக்கம் காட்டுமாயின், ஆய்வாளர் கல்லூரிதோறும் அலைய வேண்டியதில்லை.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா போன்ற தேசியக் களஞ்சியம் உள்ளது. ஆய்வியல் நிறைஞர் ஆய்வேடுகளோ பெரும்பாலும் துறை நூலக அலமாரிகளிலேயே தங்கிவிட்டன. மேற்குறித்த ஒழுங்குமுறை அப்பட்டத்தையே நிறுத்திவிட்ட நிலையில், இவ்வேடுகள் வளராத் தொகுப்பாகிவிட்டன. சிதைந்தவற்றை மீட்பதும் அரிது. தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், ஆண்டு ஆகிய நான்கு விவரங்களைத் தேடத்தக்க பட்டியலாக வெளியிடுவது பெருஞ்செலவு கோராது. ஒரே தலைப்பு மீண்டும் ஆராயப்படுவதை அது தடுக்கும்; வட்டாரக் கோயில்கள், நாட்டார் வழக்குகள், உள்ளூர்ப் படைப்பாளர் குறித்து முன்னரே தொகுக்கப்பட்ட தரவுகளுக்கும் வழிகாட்டும். வேறெந்தத் தளமும் தர இயலாத இப்பட்டியலே துறைக்குரிய மெய்யான ஈர்ப்பாகும்.

சோதனையும் பராமரிப்பும்

தளத்தை வெளியிடுமுன் ஐந்து மாணவரிடம் சோதித்துப் பார்ப்பதே பெரும்பாலான குறைகளை வெளிக்கொணரும் என்பது பயன்பாட்டியல் வல்லுநர் யாக்கோபு நீல்சனின் கருத்து. ‘மூன்றாம் பருவப் பாடத்திட்டத்தைக் கண்டறிக’, ‘நாட்டுப்புறவியல் நெறியாளர் ஒருவரைக் காண்க’ எனப் பணிகள் தந்து, உதவாமல் நோக்கினால் போதும். அவர்கள் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பக்கங்களைச் சரிபார்க்கும் பொறுப்பை ஆசிரியர் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைப்பதும் இன்றியமையாதது.

முடிவுரை

தமிழ்த்துறை இணையதளத்தின் எளிமை, பயனரின் தேவையை முன்னிறுத்துவதிலும் தேடத்தக்க தமிழ் உரையிலும் தொடங்குகிறது. வண்ணமும் படமும் அதற்குத் துணைநிற்பன. துறை தன்னிடமுள்ள ஆய்வுச் செல்வத்தைப் பிறர் கண்டடையுமாறு வைக்கும்போது, அதன் தளம் விளம்பரப் பலகை என்னும் நிலையைக் கடந்து ஆய்வுக் கருவியாகிறது.