படைக்கலக் கொட்டிலும் வீட்டுப் பேழையும்

தொண்டைமானிடத்துத் தூது சென்ற ஔவையார்க்கு அவ்வரசன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது புறநானூற்றின் 95 ஆம் பாட்டால் யாம் அறியும் செய்தி. ஆங்கே படைக்கலங்கள் நெய் பூசப்பெற்றும், மயிற்பீலியும் மாலையும் அணிந்தும், காவல் மிக்க மனையிலே வரிசையாய் இருந்தன. அவற்றைப் புகழ்வார்போலத் தொடங்கிய ஔவையார், தம் தலைவனாகிய அதியமானின் படைக்கலங்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனது பட்டடையிலே கிடக்கின்றன என்று முடித்தார். பழுதின்றிப் பேழையில் உறங்கும் படைக்கலம் வேந்தனுக்குப் பெருமை தராது என்பது கருத்து.

இப்பாட்டை யான் முப்பது ஆண்டுகளாக வகுப்பிற் கற்பித்து வருகின்றேன். ஆயினும், அதனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டிய காலமும் உண்டு என்பதைப் பழைய மாணாக்கர் ஒருவரே எனக்கு உணர்த்தினார். குடாநாட்டிலே வீடும் வன்னியிலே வயலும் உடையவர் அவர். "ஐயா, பயிர்க்காவலுக்கு அனுமதியோடு ஒரு துவக்கு எடுத்திருக்கிறேன். வீட்டிலே இரண்டு சின்னப் பிள்ளைகள். இதை எங்கே வைக்கிறது? எப்படிப்பட்ட பெட்டி வாங்குகிறது?" என்றார். தமிழ்ப் பண்டிதனிடம் இரும்புப் பெட்டியைப் பற்றி வினவுவதா என்று நகைத்தேன். "வகுப்பிலே உங்கள் அம்மான் வீட்டுத் துவக்கைப் பற்றிச் சொன்னீர்களே ஐயா" என்றார் அவர். என் நகை நின்றது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆண்டு 1979. அம்மான் வீட்டுத் துவக்கு நெற்பெட்டகத்தின் பின்னே சுவரிற் சாத்தியிருக்கும். அதனுள் தோட்டா இல்லை என்றே வீட்டார் அனைவரும் நம்பியிருந்தனர். ஒரு நாட் பிற்பகல், பெரியோர் உறங்கும் வேளையில், என் மைத்துனன் அதனை எடுத்துத் தோளிலே சார்த்தி விசையை இழுத்தான். வெடி முகட்டைப் பிளந்தது. பனையோலைத் துணுக்குகள் எம் தலைமேற் சொரிந்தன. குழல் ஒரு முழம் தாழ்ந்திருப்பின் இக்கட்டுரையை எழுத யான் இருந்திரேன். அம்மான் அன்று எங்களை அடிக்கவில்லை. தம் தலையிலே தாமே அடித்துக்கொண்டார். பின்னர்ப் போர்க்காலத்தில் அத்துவக்கு அவ்வீட்டை விட்டு நீங்கியது. அதன் ஓசை மட்டும் என் செவியை விட்டு நீங்கவில்லை.

ஆகவே மாணாக்கரின் வினாவுக்கு விடை தேடலானேன். தேடியபோது, வள்ளுவனார் அரண் என்னும் அதிகாரத்திற் கூறிய இலக்கணங்களே இச்சிறு பேழைக்கும் பொருந்தக் கண்டேன். உயரமும் அகலமும் உறுதியும், பகைவர் எளிதில் நெருங்கவியலாமையும் அரணுக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை.

முதலாவது, அளவு. பன்னிரண்டு துளைத் துவக்கு ஏறத்தாழ 4 அடி நீளமுடையது. பேழையின் வெளியளவை நோக்கி வாங்குவோர், உட்புறத்திலே துவக்கு நிமிர்ந்து நில்லாமை கண்டு பின்னர் வருந்துவர். உள்ளுயரத்தை அளந்தே வாங்குதல் வேண்டும்.

இரண்டாவது, திண்மை. துணி வைக்கும் இரும்பு அலுமாரி துவக்குப் பேழை ஆகாது. அதன் தகடு மெல்லியது. பூட்டின் நாக்கும் சிறியது. ஓர் அலவாங்கு போதும் அதனைப் பிளக்க. கண்ணாடிக் கதவுடைய அழகுப் பெட்டியோ துவக்கைக் காட்டுவதற்கு உரியதேயன்றிக் காப்பதற்கு உரியதன்று. பிரித்தானியாவிலே துவக்குப் பேழைகளுக்கென 7558 ஆம் இலக்க நியமம் ஒன்று வகுத்துள்ளனர். ஆங்கே குறைந்தது 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகட்டை வேண்டுவர். கதவின் பிணைச்சல் வெளியே தெரியுமாயின், அதனை அறுத்தாலும் கதவு பெயராதபடி உட்புறத்திலே தண்டுகள் இருத்தல் வேண்டும். இவை யாவும் அமைந்தாலும், பெயர்த்து எடுத்துச் செல்லக்கூடிய பேழை திருடனுக்குச் சுமைகூலி மிச்சம் பிடித்துக் கொடுத்த பேழையே ஆகும். எனவே கற்சுவரோடும் சீமெந்துத் தரையோடும் அதனை ஆணி கொண்டு முடுக்குதல் இன்றியமையாதது.

மூன்றாவது, அணுகற்கு அருமை. பேழை விறாந்தையிலே விருந்தினர் கண்ணிற் படும்படி நிற்றல் தகாது. அகத்தே மறைவான இடமே தக்கது. துவக்கு ஓரிடத்திலும் தோட்டா பூட்டிய வேறோரிடத்திலும் இருத்தல் வேண்டும். உள்ளே வைக்குமுன் ஒவ்வொரு முறையும் குழலைத் திறந்து, அறை வெறுமையாய் இருத்தலைக் கண்ணால் நோக்குக. இருட்டாயின் விரலாலும் தடவி அறிக. எம் அம்மான் வீட்டார் செய்யத் தவறியது இவ்வொன்றே.

இவற்றோடு, வள்ளுவர் கூறாத நான்காவது ஒன்றும் எம் நாட்டுக்கு உண்டு. அது துருவுக்குக் காப்பு. குடாநாட்டைக் கடல் சூழ்ந்துள்ளது. சோளகமும் வாடையும் மாறி மாறி உப்பை வாரி வீசுகின்றன. துவக்கைத் தோலுறையிலிட்டு நெடுநாள் வைத்தல் ஆகாது. தோல் ஈரத்தை உறிஞ்சிக் குழலுக்கு ஊட்டும். தீயைத் தாங்குவதற்காகச் சில பேழைகளின் உட்சுவரிலே ஜிப்சம் பலகை பதிப்பர். சூடு ஏறுங்கால் அது தன்னுள் அடங்கிய நீரை ஆவியாக்கி வெப்பத்தைத் தணிக்கும். ஆயினும் மாரிக்காலத்திலே பேழையினுள் ஈரம் தங்கவும் அதுவே ஏதுவாகும். ஆதலின் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளை உள்ளே வைத்து, அவ்வப்போது சூடாக்கி உலர்த்திப் பயன்படுத்துக. குழலுக்கு மெல்லெனத் துவக்கெண்ணெய் பூசுக. தொண்டைமான் வேலுக்கு நெய் பூசியது நகைப்புக்கு உரியதாயினும், எண்ணெய் பூசுதல் இங்கே அறிவுடைமையே.

இனி, பூட்டைப் பற்றி ஒரு சொல். திறப்பால் திறப்பனவும், எண் வட்டம் சுழற்றித் திறப்பனவும், மின்கலத்தால் இயங்கும் எண் விசையினவும் என மூவகைப் பூட்டுகள் உள. மின்கலம் தேய்ந்துபோம்; எண்ணைப் பிறர் எட்டிப் பார்ப்பர்; திறப்போ கைமாறும். மூன்றிலும் குறையுண்டு. ஆயினும் பெருங்குறை பூட்டில் இல்லை. திறப்பை எவரும் அறியார் என்னும் எமது நம்பிக்கையிலேயே உளது. 2006 இலே ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்விலே பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே வினவினர். துவக்கு இருக்குமிடத்தைப் பிள்ளை அறியாது என்று கூறிய பெற்றோருள் நூற்றுக்கு 39 பேரின் கூற்றைப் பிள்ளைகளே மறுத்தனர். பிள்ளைகளோடு ஒரு வாழ்நாளைக் கழித்த ஆசிரியனுக்கு இது வியப்பன்று. மேசை இழுப்பறை, சாமிப்படத்தின் பின்புறம், அரிசிப் பானை ஆகிய இடங்களெல்லாம் அவர்கள் அறிந்தவையே. திறப்பு உரியவரின் உடலோடு இருத்தலே காப்பு.

அதற்கு முந்திய ஆண்டாகிய 2005 இலே வெளிவந்த வேறோர் ஆய்வு, துவக்கைப் பூட்டுதல், வெறுமையாக்குதல், தோட்டாவைப் பூட்டுதல், இரண்டையும் பிரித்து வைத்தல் என்னும் நான்கில் ஒவ்வொன்றும் இளையோர் தவறுதலாற் காயமுறுவதும் தம்முயிரைத் தாமே மாய்ப்பதும் குறைவதோடு தொடர்புற்றிருத்தலைக் காட்டிற்று. வேதனையில் எழும் வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிவது. அச்சிறிது நேரத்தைத் தருவதும் பூட்டின் தொழிலே.

எம் நாட்டிலே 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. தாள் புதிதாகும்போது காவலும் புதிதாகப் பார்க்கப்படுதல் நன்று: ஆணி தளர்ந்ததோ, திறப்பு எத்தனை, அவற்றை அறிந்தார் எவர், சென்ற ஆண்டு தவழ்ந்த பிள்ளை இவ்வாண்டு எவ்வளவு உயரம் எட்டும் என்றெல்லாம் நோக்குக.

மாணாக்கரிடம் இவற்றையெல்லாம் கூறியபின், "விலை கூடிய பெட்டி வேண்டுமோ ஐயா?" என்று அவர் கேட்டார். எத்துணைச் சிறந்த அரணாயினும், அகத்திருப்பார் செயற்றிறம் இல்லாராயின் அது அரண் ஆகாது என்று அவ்வதிகாரம் முடிவதை நினைவூட்டினேன். பூட்டாத பெரும்பேழையினும் பூட்டிய சிறுபேழை மேல்.

துவக்கு என்னும் சொல் துருக்கியிலிருந்து வந்து எம் பேச்சிலே குடிபுகுந்த சொல். அவ்வொலியுடைய தமிழ்ச்சொல்லுக்குத் தொடக்கம் என்றும் கட்டு என்றும் பொருள் உண்டு. கட்டின்றிக் கிடக்கும் துவக்கு துன்பத்தின் தொடக்கம். ஔவையார் இன்று எம் மாணாக்கர் வீட்டுக்கு எழுந்தருளி, எண்ணெய் பூசி, வெறுமையாக்கி, பூட்டிய பேழையினுள் உறங்கும் துவக்கைக் காண்பாராயின், இகழமாட்டார். அருகே அச்சமின்றி விளையாடும் இரு பிள்ளைகளையும் கண்டு வாழ்த்திச் செல்வார்.