பேச்சை இழந்தவரைப் பனிக்கு மீட்டெடுத்த பயிற்றுவிப்பாளர்

1996 ஜனவரியில் லத்வியத் தலைநகர் ரீகாவில் நடந்த பயிற்சியின்போது, 18 வயதான எலேனா பெரெஷ்னாயாவின் தலையில் அவரது சோடி வீரரின் சறுக்குக் காலணி அலகு பாய்ந்தது. மண்டையோடு உடைந்தது. சத்திரசிகிச்சையால் உயிர் பிழைத்தார். ஆனால் பேச்சு போயிற்று. ஆறு ஆண்டுகளின் பின்னர் அதே பெண் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவருடைய பயிற்றுவிப்பாளரின் பெயர் தமாரா மொஸ்க்வினா.

மொஸ்க்வினா 1941 ஜூன் 26 இல் லெனின்கிராட்டில் பிறந்தார். ஹிட்லரின் படைகள் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்து அப்போது நான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன. செப்டெம்பரில் அந்நகரம் முற்றுகையிடப்பட்டது. 872 நாட்கள் நீடித்த அம்முற்றுகையில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். முற்றுகை என்றால் என்னவென்று எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. அவரது குடும்பம் யூரல் பகுதிக்கு இடம்பெயர்ந்து உயிர் தப்பியது.

ஐந்து அடிக்கும் குறைந்த உயரமுடைய அவர், 1962 முதல் 1966 வரை தொடர்ந்து ஐந்து தடவைகள் பெண்கள் தனிநபர் பிரிவில் சோவியத் சம்பியனானார். பின்னர் சோடிப் பிரிவுக்கு மாறி, அலெக்சேய் மிஷினுடன் 1969 உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். ஆனால், ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கிட்டவில்லை. 1968 இல் கிரெனோபிளில் ஐந்தாம் இடமே கிடைத்தது.

அவருக்குக் கிடைக்காததை அவரது மாணவர்கள் பெற்றனர். 1984, 1992, 1998, 2002 என நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் அவர் பயிற்றுவித்த நான்கு சோடிகள் தங்கம் வென்றன.

சோடிச் சறுக்கலின் அடிப்படை நம்பிக்கை. ஆண் தன் துணையைத் தலைக்கு மேலே ஒற்றைக் கையில் தூக்குவார், காற்றில் வீசுவார். அவர் மூன்று சுற்றுச் சுழன்று, சில மில்லிமீற்றர் அகலமே உள்ள அலகில் ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். துணையின் காலணியே தலையைப் பிளந்த ஒருவரிடம் இதை மறுபடி கேட்பது எளிதல்ல.

ரீகா மருத்துவமனையில் பெரெஷ்னாயாவின் அருகில் இருந்தவர் அன்ரன் சிகாருலிட்சே. அவரே அவரை சென். பீற்றர்ஸ்பேர்க்குக் கூட்டிவந்தார். பேசவும் சறுக்கவும் மீண்டும் பழகிய பெரெஷ்னாயாவை, சிகாருலிட்சேயுடன் சோடி சேர்த்து மொஸ்க்வினா பயிற்றுவித்தார். இரண்டே ஆண்டுகளில், 1998 நகானோ ஒலிம்பிக்கில் அவர்கள் வெள்ளி வென்றனர். தங்கம் வென்ற சோடியும் மொஸ்க்வினாவின் மாணவர்களே.

2002 சோல்ட் லேக் சிற்றியில் தங்கம் கிடைத்தபோது சர்ச்சையும் சேர்ந்தே வந்தது. பிரெஞ்சு நடுவர் அழுத்தத்தின் கீழ் புள்ளியிட்டார் எனக் குற்றச்சாட்டு எழ, கனேடியச் சோடிக்கும் தங்கம் வழங்கப்பட்டது. ரஷ்யச் சோடியின் பதக்கம் பறிக்கப்படவில்லை. நடுவர்களின் தவறு வேறு, அந்தப் பெண் கடந்துவந்த தூரம் வேறு.

மொஸ்க்வினா அதோடு ஓயவில்லை. 2021 இல் அவரது மாணவர்களான மிஷினாவும் கல்யாமோவும் உலகச் சம்பியன்களானபோது அவருக்கு வயது 79.

காயம்பட்ட ஒருவருக்கு மருத்துவமனையோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. 'இனி இவரால் முடியாது' என்று ஒதுக்காமல், அடுத்த நாளும் வேலை கொடுக்க ஒருவர் வேண்டும். பெரெஷ்னாயாவுக்கு அப்படி இருவர் கிடைத்தனர்.