வாழைச் சோதனையில் பால்பவுடர் ஏன்?

ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக் காவிரிக்கரை நெடுக வாழைதான். அதன் முடிக்கொத்து நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். திருச்சியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் ஆராயும் நோய்களில் அதுவும் ஒன்று. இத்தகைய வைரஸ்களைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை, எலைசா.

அதில் பயன்படும் பிளாஸ்டிக் குழித்தட்டு எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். இலைச்சாறு ஒட்டிய பிறகும் குழியில் வெற்றிடம் மிஞ்சும். வைரஸைத் தேடி ஊற்றும் ஆன்டிபாடி என்ற புரதம் அங்கே ஒட்டிக்கொண்டால், நோயற்ற கன்றும் நோய்க்கு அடையாளமான நிறம் காட்டும். நல்ல கன்றை வீணாகப் பிடுங்கி எறிய நேரும். உழவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

ஆகவே ஆன்டிபாடிக்கு முன்பே, கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்து ஊற்றலாம். 5 சதவீதக் கரைசல் பரவலான அளவு. பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். அது வெற்றிடங்களில் படிந்துவிடும். ஆன்டிபாடிக்குக் கேசீன் அடையாளம் தெரியாது. வைரஸில் மட்டுமே ஒட்டும். புரதங்களைச் சவ்வில் ஒற்றியெடுத்துத் தேடும் வெஸ்டர்ன் பிளாட் சோதனைக்கும் இதே பால்பவுடரை 1984-இல் பரிந்துரைத்தார்கள். விலை மலிவு என்பதால் அது வேகமாகப் பரவியது.

எல்லாச் சோதனைக்கும் பால் ஒத்துவராது. கேசீனிலேயே பாஸ்பேட் இருக்கிறது. பாஸ்பேட் ஏறிய புரதங்களைத் தேடும் ஆன்டிபாடி அதையும் பிடித்துவிடலாம். அப்போது மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்த அல்புமினே பெரும்பாலும் கைகொடுக்கும்.