பெருந்தொற்றும் நாடுகளின் பொருளாதாரமும்

2020ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. நோய் பரவாமல் தடுக்க நாடுகள் தம் எல்லைகளை மூடின. தொழிற்சாலைகளும் கடைகளும் அடைக்கப்பட்டன. நோய் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக வந்தது. ஆயினும் அதனால் விளைந்த பொருளாதார இழப்பு எங்கும் ஒரே வகையாக அமையவில்லை. இதனை மாலத்தீவு, இந்தியா என்னும் இரு அண்டை நாடுகளைக் கொண்டு அறியலாம்.

மாலத்தீவு ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளால் ஆனது. சுற்றுலாவே அதன் முதன்மையான வருவாய். 2019ஆம் ஆண்டில் 17 இலட்சம் பயணிகள் அங்குச் சென்றனர். அரிசி, எரிபொருள், மருந்து ஆகியவற்றை அந்நாடு வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. அதற்கு வேண்டிய அயல்நாட்டுப் பணத்தைச் சுற்றுலாவே பெரிதும் ஈட்டித் தந்தது. 2020 மார்ச் இறுதியில் பயணிகளின் வருகை நின்றது. அவ்வாண்டில் அந்நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. ஒற்றைத் தூணை நம்பிய கூரை, அத்தூண் சாய்ந்ததும் தானும் சாய்ந்தது.

இந்தியாவில் மார்ச் 25 முதல் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது. எனினும் உழவுத்தொழில் அக்காலத்திலும் வளர்ந்தது. அரசின் கிடங்குகளில் தானியம் இருந்தமையால், ஏறத்தாழ 80 கோடி மக்களுக்குத் திங்கள்தோறும் ஆளுக்கு 5 கிலோ தானியம் விலையின்றி வழங்க இயன்றது. தொழில்கள் படிப்படியாக மீண்டமையால், ஆண்டு முழுமைக்குமான சரிவு பத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே இருந்தது. ஆனால், வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர் பலர் நகரங்களிலிருந்து சொந்த ஊர்களுக்கு நடந்தே சென்றனர். பெரிய நாட்டில் விழுக்காடு சிறிதாயினும் துன்புறுவோர் தொகை பெரிது.

வீழ்ச்சி ஆழமாக இருந்தும் மாலத்தீவு விரைவில் எழுந்தது. அங்கு ஒரு தீவில் ஒரு விடுதி என்பதே பழைய வழக்கம். அதனால் பயணிகளைத் தனித்தனியே தங்கவைப்பது எளிதாயிற்று. 2020 ஜூலை 15 அன்று அந்நாடு தன் எல்லையைத் திறந்தது. 2021ஆம் ஆண்டில் 13 இலட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். அவர்களுள் இந்தியரே மிகுதி. இந்தியா 25 கோடி டாலர் நிதியுதவியும், 2021 ஜனவரியில் ஒரு இலட்சம் தவணைத் தடுப்பூசியும் அளித்தது. எனினும் நெருக்கடிக் காலத்தில் பெருகிய கடன், அந்நாட்டிற்கு நீங்காச் சுமையாயிற்று.

ஒரு நாடு நெருக்கடியைத் தாங்குவது அதன் பரப்பளவால் மட்டும் அன்று. பலவகைத் தொழில்களும், முன்கூட்டியே சேர்த்துவைத்த இருப்பும், அண்டை நாட்டின் நட்புமே அதற்குத் துணையாகின்றன.

வினாக்கள்

1. மாலத்தீவின் பொருளாதாரம் பெரிதும் சுருங்கியது ஏன்?
2. ஊரடங்குக் காலத்தில் இந்தியாவுக்குத் துணைநின்றவை யாவை?
3. 'விழுக்காடு சிறிதாயினும் துன்புறுவோர் தொகை பெரிது' – விளக்குக.
4. உங்கள் ஊரில் பெருந்தொற்றுக் காலத்தில் நலிந்த தொழில் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.