ஏழு வரிசையும் எட்டு மரமும்

வாய்பாட்டைத் தடையின்றி ஒப்பிப்பது ஒரு திறமை. அதை எவ்விடத்தில் பயன்படுத்துவது என்று அறிவது வேறொரு திறமை. ஆசிரியனாகிய நான் நெடுநாள் வரை இரண்டும் ஒன்றே என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது அதிராம்பட்டினத்துத் தென்னந்தோப்பு ஒன்று.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. சில நாள் கழித்து, என்னிடம் மூன்றாம் வகுப்பில் பயின்ற சிறுமி ஒருத்தியின் இல்லத்திற்குச் சென்றேன். நிவாரணத்திற்காக வீழ்ந்த மரங்களின் தொகையை எழுதித் தரவேண்டும். மரங்களோ ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. அவளுடைய பாட்டனார் ஒருமுறை எண்ணி 43 என்றும், மறுமுறை எண்ணி 46 என்றும் கண்டு சோர்ந்திருந்தார்.

"ஏழு வரிசை வைத்தேன், வரிசைக்கு எட்டு மரம். இப்போது நிற்பவை ஒன்பதுதான்" என்றார்.

சிறுமியைப் பார்த்தேன். 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்று வகுப்பில் முழங்குபவள், விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்! குறை அவளுடையதன்று, என்னுடையது.

திண்ணையில் புளியங்கொட்டைகளை வரிசைக்கு எட்டாக ஏழு வரிசை பரப்பினோம். ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஓர் ஈர்க்கை வைத்தேன். மேலே ஐயெட்டு நாற்பது, கீழே ஈரெட்டுப் பதினாறு, ஆக ஐம்பத்தாறு. அவள் எழுந்து பக்கவாட்டில் போய் அமர்ந்து, "இங்கிருந்து பார்த்தால் எட்டு வரிசை, ஏழேழாக இருக்கிறதே!" என்றாள். பெருக்கலில் எண்களை இடம் மாற்றினாலும் விடை மாறாது என்று நான் பலமுறை கரும்பலகையில் எழுதியதுண்டு. அவள் அதை அன்றுதான் கண்டாள்.

நிற்கும் மரங்களுக்காக ஒன்பது கொட்டைகளை எடுத்தோம், மிச்சம் 47. அப்போது அவள், "தாத்தா, கிணற்று மூலையில் இரண்டு மரம் கிடையாதே?" என்று கேட்டாள். பாட்டனார் தலையசைத்தார். அவள் மூலையிலிருந்து இரண்டு கொட்டைகளை அகற்றினாள். விடை 45. வாய்பாட்டில் கிணறு இல்லை. வரிசையில் அதற்கும் இடம் உண்டு.

இது புதிய முறையென்று எண்ணிவிடாதீர்கள். பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியோடு குழிமாத்தும் பயின்றார்கள். தஞ்சைத் தரணியில் 12 அடிக் கோல் ஒன்று நீளமும் ஒன்று அகலமும் கொண்ட நிலம் ஒரு குழி. பத்துக் கோலுக்குப் பத்துக் கோல், நூறு குழி. அதுவே ஒரு மா. இருபது மா ஒரு வேலி. வயல்தான் அங்கே வாய்பாடாயிற்று. மனப்பாடத்தை நான் இகழவில்லை. கொட்டையும் புள்ளியும் முன்னே வரட்டும், ஒப்பித்தல் பின்னே வரட்டும் என்கிறேன்.

மறு ஆண்டு அத்தோப்பில் 45 தென்னம்பிள்ளைகள் நட்டார்கள். 25 அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றின் ஒரு முனையை அச்சிறுமிதான் பிடித்திருந்தாள்.