தயிரோடு நாடு விட்டு நாடு சென்ற குடும்பம்

பாலைக் காய்ச்சி, சூடு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறை மோர் விட்டு மூடி வைத்தால் பொழுது விடிவதற்குள் தயிர் தயார். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நமது தாய்மார்கள் கேட்பார்கள். ஆனால் அந்த உறை மோர் அடுத்த வீட்டில் மட்டுமல்ல, ஊரிலேயே கிடைக்காவிட்டால்? தயிர் என்றால் என்னவென்றே அறியாத ஜனங்களிடம் போய்த் தயிர் விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்றால்? கராசோ குடும்பத்தார் அப்படித்தான் பிழைத்தார்கள். அதுவும் ஒரு முறையல்ல. மூன்று நாடுகளில், மூன்று முறை!

ஆடை கிழியாத தயிர்

கிரீஸ் நாட்டின் வடக்கே உள்ள துறைமுகப் பட்டணம் தெசலோனிக்கி. சலோனிகா என்றும் சொல்வதுண்டு. 1492-ம் ஆண்டில் ஸ்பெயின் அரசு யூதர்களை நாட்டை விட்டே வெளியேற்றியபோது, அவர்களில் பலர் துருக்கி சுல்தானின் ராஜ்யத்தில் இருந்த இந்த ஊரில் அடைக்கலம் புகுந்தனர். நானூறு ஆண்டுகள் கழிந்தும் அவர்களுடைய சந்ததியார் வீட்டில் பழைய ஸ்பானிஷ் பாஷையே பேசி வந்தார்கள். அத்தகைய குடும்பங்களில் ஒன்று கராசோ குடும்பம். ஐசக் கராசோவின் மகன் டேனியல் 1905-ல் அங்கே பிறந்தான்.

அந்தப் பிரதேசத்து மக்கள் பரம்பரையாக உண்டு வந்தது செம்மறியாட்டுப் பால் தயிர். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு பங்கு என்றால், செம்மறியாட்டுப் பாலில் ஆறு, ஏழு பங்கு இருக்கும். புரதமும் கூடுதல். ஆகவே வடிகட்டாமலே அது கெட்டியாக உறையும். காய்ச்சிய பாலை அகன்ற மண் சட்டிகளில் ஊற்றி வைப்பார்கள். மேலே ஆடை படர்ந்ததும், அது கிழியாதபடி ஓரமாக மெல்ல விலக்கி உறையை விடுவார்கள். பிறகு கம்பளியால் போர்த்திச் சூடு தணியாமல் காப்பார்கள். மண் சட்டி நீரை உறிஞ்சிக் கொள்வதால் தயிர் மேலும் இறுகும்.

மருந்துக் கடையில் தயிர்!

1912-ல் பால்கன் யுத்தத்தின்போது சலோனிகா துருக்கியரிடமிருந்து கிரேக்கர் வசமாயிற்று. யுத்தமும் குழப்பமும் நிறைந்த அந்த ஆண்டுகளில் ஐசக் கராசோ மனைவி மக்களுடன் புறப்பட்டு, ஸ்பெயினில் உள்ள பார்சலோனாவுக்குக் குடிபெயர்ந்தார். தம் முன்னோர்களை விரட்டியடித்த அதே நாடு!

அங்கே குழந்தைகள் பலர் வயிற்றுக் கோளாறால் வாடுவதை அவர் கண்டார். அவரோ தயிரை அறிந்த ஊர்க்காரர். அந்தச் சமயத்தில் விஞ்ஞானிகளும் தயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டேனியல் பிறந்த அதே 1905-ல், ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் ஜெனீவாவில் தயிரை ஆராய்ந்து, அதிலுள்ள கோல் வடிவக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். பாரிஸ் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த எலீ மெச்னிக்கோவ், தயிர்க் கிருமிகள் குடலில் உள்ள கெட்ட கிருமிகளை அடக்கி ஆயுளை நீட்டிக்கும் என்று வாதித்தார். அவர் 1908-ல் நோபல் பரிசு பெற்றவர்.

ஐசக் அந்தப் பாஸ்டர் நிலையத்து உறையைக் கொண்டே 1919-ல் பார்சலோனாவில் தயிர் தயாரிக்கத் தொடங்கினார். சரக்குக்கு ஒரு பெயர் வேண்டுமே! அந்த ஊர்க் கட்டலான் பாஷையில் மகனைச் செல்லமாக அழைக்கும் பெயர் ‘டனோன்’, அதாவது குட்டி டேனியல். அதையே சூட்டிவிட்டார். பலகாரக் கடைகளில் அல்ல, மருந்துக் கடைகளில்தான் இந்தத் தயிர் விலைக்குக் கிடைத்தது.

தந்தை வைத்த பெயரை மகன் வீணாக்கவில்லை. மார்செய் நகரில் வியாபாரக் கல்வி கற்ற டேனியல், பாஸ்டர் நிலையத்திலும் சேர்ந்து கிருமி இயலில் பயிற்சி பெற்றார். 1929-ல் பாரிஸில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்ட ஆண்டு அது. ஆயினும் கடை கடையாக ஏறி இறங்கித் தயிரை விற்றார்.

அமெரிக்காவில் கிரேக்கத் தயிர்

1939-ல் ஐசக் காலமானார். மறு ஆண்டு ஹிட்லரின் படைகள் பாரிஸில் நுழைந்தன. யூதரான டேனியல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1941-ல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார்.

அவர் பிறந்த ஊருக்கு நேர்ந்த கதி கொடியது. 1943 மார்ச் மாதம் முதல் சலோனிகா யூதர்களை நாஜிகள் ரயில் ரயிலாக ஏற்றி ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொண்டு செல்லப்பட்டனர். உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சிலரே. ஐசக் ஊரை விட்டுப் புறப்படாமல் இருந்திருந்தால்?

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் ‘ஆக்ஸி-காலா’ என்ற சிறிய கிரேக்கத் தயிர்க் கம்பெனி ஒன்று இருந்தது. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்குப் புளித்த பால் என்று பொருள். குடும்ப நண்பரான ஜோ மெட்ஸ்கர், அவர் மகன் ஹுவான் ஆகியோருடன் கூட்டுச் சேர்ந்து 1942-ல் டேனியல் அதை வாங்கினார். சலோனிகாவில் பிறந்தவரின் தொழில் கிரேக்கர் கடையிலேயே மறுபடியும் தொடங்கியது! அமெரிக்கர் நாவுக்கு ஏற்பப் பெயரை ‘டேனன்’ என்று மாற்றினார்கள்.

பெயர் மாறியும் சரக்கு ஓடவில்லை. கிழக்கு நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் புளிப்பைக் கண்டு முகம் சுளித்தார்கள். என்ன செய்வது? 1947-ல் கோப்பையின் அடியில் ஸ்ட்ராபெரிப் பழப் பாகை வைத்து, அதன் மேல் தயிரை நிரப்பி விற்றார்கள். அதன் பிறகே அமெரிக்கர் கை நீட்டினர். செம்மறியாட்டுப் பால் போய்ப் பசும்பால் வந்தது. மண் சட்டி போயிற்று. புளிப்பும் தித்திப்புக்குள் ஒளிந்துகொண்டது. பிழைப்புக்காக விட்டுக் கொடுத்தவை இவ்வளவு. உறையை மட்டும் அவர்கள் விடவில்லை.

நூற்று மூன்று வயது

1951-ல் டேனியல் பாரிஸுக்குத் திரும்பி, பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் இருந்த குடும்பத் தொழிலை மீண்டும் கவனிக்கலானார். அமெரிக்கக் கம்பெனி 1959-ல் பிறர் கைக்கு மாறியது. 1981-ல் பிரெஞ்சுக் கம்பெனியே அதைத் திரும்ப வாங்கிக் கொண்டது.

தயிர் தின்றால் ஆயுள் நீளும் என்று சொன்ன மெச்னிக்கோவ் எழுபத்தொரு வயதில் காலமானார். அவர் சொன்னது முழுவதும் நிரூபணமாகவும் இல்லை. தயிர் விற்ற டேனியலோ 2009 மே மாதம் பாரிஸில் கண் மூடும்போது வயது நூற்று மூன்று!

ஆடை படர்ந்த செம்மறியாட்டுப் பால் தயிர் இன்றும் கிரீஸில் மண் சட்டியில் கிடைக்கிறது. உலகத்தின் மற்ற மூலைகளிலோ, கடைகளில் அடுக்கியிருக்கும் தயிர்க் கோப்பைகளின் மீது, சலோனிகாவை விட்டுத் தந்தையின் கைப்பிடித்துப் போன அந்தச் சிறுவனின் செல்லப் பெயர் இருக்கிறது.