நாய்க்கும் அக்ரிமென்டில் ஒரு வரி

அசோசியேஷன் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, வாடகை வீட்டுக்குள் குட்டியைக் கொண்டு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஆறு மாதத்தில் ஹவுஸ் ஓனர் காலி செய்யச் சொல்கிறார். சிலர் குட்டியைத் தெருவில் விட்டுவிட்டு வீட்டைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அப்படி விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை, வெட்கக்கேடு!

வாட்ஸ்அப்பில் வந்தது பாதி உண்மை. விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் வாக்கெடுப்பு நடத்தினாலும் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது. லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. ஆனால் அது சங்கத்துக்குச் சொன்னது. ‘செல்லப்பிராணி கூடாது’ என்ற வரிக்குக் கீழே நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால், ஓனரிடம் அதைக் காட்டிப் பயனில்லை.

“சத்தம் வராம பார்த்துக்கோங்க” என்று ஓனர் வாசலில் நின்று சொன்னது அனுமதி ஆகாது. மேல்வீட்டுக்காரர் புகார் செய்த மறுநாளே அவர் மறந்துவிடுவார். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்: என்ன பிராணி, எத்தனை, கதவில் கீறல் விழுந்தால் செலவு யாருடையது. குடியேறும் நாளில் கதவு, சுவர், தரையைப் படமெடுத்து ஓனருக்கும் அனுப்புங்கள். பிராணி பிறகு வந்தால் துணை ஒப்பந்தம் போடுங்கள்.

அடுத்தது பதிவு. “11 மாசம்தானே, தேவையில்லை” என்று பத்திரம் எழுதுபவர் சொல்வார், கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அரசின் வாடகை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஓனர் சேர்ந்து வராவிட்டால் தனியாகவும் விண்ணப்பிக்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஊருக்கு ஊர் பலகை வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை அரசு ரகசியம்போல வைத்திருக்கிறது.

சென்னையில் நாய்க்கு மாநகராட்சி உரிமமும் வேண்டும். அதற்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கையிலிருக்க வேண்டும்.

தகராறு முற்றி ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் சண்டைக்குப் போகாதீர்கள். வாடகை அதிகாரியிடம் எழுத்தில் மனு கொடுங்கள். நீங்களாகக் காலி செய்யாவிட்டால், வெளியேற்றும் உத்தரவை வாடகை நீதிமன்றம்தான் போட முடியும். அதே சமயம், நோட்டீஸ் வந்த பிறகும் வீட்டைப் பாழாக்கினால் அந்த நீதிமன்றமே உங்களை வெளியேற்றலாம்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். நாய் கீறியதற்குப் பிடித்தம் செய்தால் கதவுக்கு ஆன பில்லைக் கேளுங்கள், குடியேறிய அன்று எடுத்த படத்தோடு.